பிரயோங் பாராட்டிய சாலை

நோங் புவா ஊர்த்தலைவர் சனோங் சாப்பிடுவார் என்பது ஊரறிந்த விஷயம். சோற்றைச் சொல்லவில்லை. கால்வாய் வெட்டினால் கால்வாயில் கொஞ்சம், கொட்டகை போட்டால் கொட்டகையில் கொஞ்சம். "சாப்பிட்டாலும் வேலை நடக்குதுல்ல? முன்னாடி இருந்தவர் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டாரே" என்று ஜனங்கள் பெருமையாகவே சொல்வார்கள்.

முடிதிருத்தும் பிரயோங்குக்கும் அதே கொள்கைதான். அவன் மனைவி லம்யையைப் பாம்பு கடித்த வருஷம், வெள்ளத்தில் தன் வண்டியை இறக்கி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் சனோங். அந்த வண்டி எந்தக் கால்வாயிலிருந்து முளைத்தது என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்?

இப்போது ஊருக்குப் புது சிமெண்டுச் சாலை வந்திருந்தது. வேலை சரி என்று மூன்று பேர் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தக்காரர் கம்போனுக்குப் பணம் வரும். அதிகாரிகள் இருவரும் போட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆள், ஊர்மக்கள் சார்பில், பிரயோங். அவனைவிடத் தாட்சண்யம் மிகுந்தவன் அகப்படாததால் தலைவர் அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார். நல்ல தேர்வு என்று பிரயோங்கே ஒப்புக்கொள்வான்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், லம்யை மோட்டார் சைக்கிளைச் சாலையோரம் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். ஸ்டாண்டு சாலைக்குள் இறங்கிவிட்டது. வண்டி சாய்ந்து, கூடையிலிருந்த வாத்து முட்டையெல்லாம் சிமெண்டில் ஓடியது.

"இது சாலையா, அரிசி அப்பளமா? முதல் மழைக்கே பள்ளிக்கூட வேன் கவுந்துடும். யோவ், நீ மட்டும் கையெழுத்துப் போட்டுப் பாரு!"

"தலைவர் மூஞ்சில எப்படிடி முழிப்பேன்? உன் உயிரைக் காப்பாத்தினவர்டி."

"அதுக்குத்தான் வருஷா வருஷம் புத்தாண்டுக்கு அவர் கையில வாசனைத் தண்ணி ஊத்திக் கும்பிடறேன். அதுக்கு ஊர்ப் பிள்ளைங்க எலும்பையும் சேத்துக் குடுக்கணுமா?"

பிரயோங் அன்றிரவு பாயில் புரண்டு யோசித்தான். போடாவிட்டால் ஊரறியத் தலைவரின் முகத்தில் கரி பூசியதாகும். போட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. அதைவிட, அந்த வேன் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் பந்தலில் பிக்குகள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். ஊரே கூடியிருந்தது. தலைவர் காகிதத்தை நீட்டினார், கம்போன் தன் பேனாவையே கொடுத்தார். பிரயோங்கின் கை எழுத மறுத்தது. வாயோ மறுக்கத் தெரியாத வாய். நாற்காலியில் உட்கார்ந்தவரைப் புகழ்வதைத் தவிர அதற்கு வேறு தொழில் பழக்கமில்லை. வழுக்கையர்களிடம்கூட "காத்து நல்லா வரும்ணே" என்று சொல்லிப் பிழைத்தவன். மைக்கை இழுத்தான்.

"நம்ம கம்போன் முதலாளி மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்லீங்க. ஓரமெல்லாம் மெலிசாப் போச்சேன்னு அவரே மனசு வருத்தப்பட்டு, சாலையைப் பேத்துட்டுச் சொந்தச் செலவுல கனமாப் போட்டுத் தரப்போறார். பிள்ளைங்க போற வழியாச்சேன்னு நம்ம தலைவர்தான் எடுத்துச் சொன்னாராம். இந்தப் புண்ணியத்துல நமக்கும் பங்கு கிடைக்கட்டும்!"

சொன்னது அவனுக்கே புதுச் செய்திதான்.

"சாது!" என்று முதல் குரல் லம்யையிடமிருந்து வந்தது. அடுத்தவர் புண்ணியத்தைக் கைகூப்பி 'சாது', அதாவது 'நன்று' என்று வாழ்த்தினால் அதில் பாதி நமக்கு. சும்மா கிடைப்பதை யார் விடுவார்? "சாது! சாது!" என்று பந்தலே அதிர்ந்தது. கண்ணயர்ந்திருந்த தலைமைப் பிக்கு விழித்துக்கொண்டு ஆசி மந்திரத்தையே தொடங்கிவிட்டார். ஆசி வாங்கிய புண்ணியத்தை இல்லையென்று எந்த மனிதன் சொல்வான்? கம்போன் தலைவரைப் பார்த்தார். தலைவர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். கண் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. பிறகு மெல்லக் கைகூப்பினார்.

"சாலையைப் போட்டு முடிச்சதும் கையெழுத்து வாங்கிக்கலாம்" என்று அவரே காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தலைவர் கடைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். பிரயோங் சோப்பு நுரையை அவர் கன்னத்தைவிடத் தன் சட்டையில்தான் அதிகம் பூசினான்.

"ஏன்டா நடுங்குற? கத்தி உன் கையில இருக்கு. பயம் எனக்கில்ல வரணும்?"

"மன்னிச்சிருங்க தலைவரே."

"கம்போன் எனக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேட்டான். குடுத்துட்டேன்." கண்ணாடியைப் பார்க்காமலே சொன்னார். "என் அம்மா போன் பண்ணி அழுவுறாடா. 'உன் பேரைச் சொல்லி ஊரே சாது சொல்லுச்சாமே'ன்னு. அவகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாதீங்க தலைவரே. சாலையை மட்டும் கனமாப் போட்டுருங்க."

இதைச் சொன்னது தன் வாய்தானா என்று பிரயோங் ஒரு கணம் திகைத்தான். அதற்குள் தெருக்கோடியில் சிமெண்டு பேர்க்கும் இயந்திரம் உறுமத் தொடங்கியது. கண்ணாடி அதிர்ந்தது. அவன் கத்தியை விலக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"அவசரமில்லடா, நிதானமாப் பண்ணு" என்றார் தலைவர், கண்ணை மூடியபடி. "ரோட்டைத்தான் பேத்தாச்சே. வண்டி எடுத்துக்கிட்டு நான் எங்க போறது?"