டெஸ்ட் டிரைவ் போன கிட்டார்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. ஒரு வலைத்தளத்துக்காக, ‘பயணத்துக்கு ஏற்ற பழைய கிட்டாரைக் குறைந்த விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி’ என்று ஒரு கட்டுரை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதுவரை நான் கிட்டாரைத் தொட்டதுகூட இல்லை. அதற்கு முந்தின வாரம் அதே தளத்துக்கு மீன்தொட்டியைப் பராமரிப்பது பற்றி எழுதினேன். மீன்தொட்டியையும் தொட்டதில்லை.

நான் கம்பத்துக்காரன். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. செங்கல்பட்டில் ஒற்றை அறை. எழுத யாரும் சொல்லித் தரவில்லை. அறையில் பேச ஆள் இல்லை, அதனால் எழுதத் தொடங்கினேன். அவ்வளவுதான் என் இலக்கியப் படிப்பு.

கட்டுரை இப்படி ஆரம்பித்தது:

“பழைய கிட்டாரில் முதலில் கழுத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நுனியிலிருந்து, குறி பார்ப்பதுபோல. கழுத்து வளைந்திருந்தால்”

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டிலிருந்து ஜோயல் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டார்.

“இன்னாடா கம்பம், கிட்டாருக்குப் பொண்ணு பாக்குற மாதிரி எழுதிக்கினுகீற? கழுத்து வளைஞ்சிருந்தா இன்னா, சம்பந்தம் வாணாம்னுருவியா?”

2

ஜோயலை அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. இதற்கு நான் எழுதி, பிறகு அடித்த வரி இது:

[பிரஸ் ஷாப்பின் இரைச்சல் அவருடைய காதுகளைத் தின்றுவிட்டிருந்தது.]

நல்ல வரிதான். ஆனால் பொய். அவரிடமே காட்டினேன்.

“டேய், எங்க அப்பாவுக்கும் இப்டித்தான் காது போச்சு. அவரு தபால் ஆபீஸ்ல இருந்தாரு. முத்திர குத்துற சத்தத்துல போச்சுன்னு எழுதுவியா?”

உண்மை இதுதான். காதுக்குள் இருக்கிற மிகச் சின்ன எலும்பு ஒன்று அவருக்கு இறுகிக்கொண்டே வருகிறது. வலது காதில் ஆபரேஷன் செய்தார்கள். சிலருக்குப் பலிக்கும், சிலருக்குப் பலிக்காது. அவருக்குப் பலிக்கவில்லை. இடது காதில் கைவைக்க அவர் சம்மதிக்கவில்லை. அந்தக் காதில் மெஷின் மாட்டியிருக்கிறார். அதில் பேச்சு ஒருமாதிரி கேட்கும். பாட்டு மட்டும் தகர டப்பாவில் ஆணி போட்டு உலுக்கினதுபோல இருக்குமாம்.

(காது கேட்காதவர்கள் கத்திப் பேசுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இவர் நம் காதருகே வந்து பேசுவதுபோல மெதுவாகப் பேசுவார். அவருடைய குரல் அவருக்கு உள்ளேயிருந்து தெளிவாகக் கேட்கிறதாம். கத்த வேண்டிய அவசியமே இல்லை. இதை எந்தக் கதையிலும் நான் கற்பனை செய்திருக்க மாட்டேன்.)

அவரிடம் பெரிய கிட்டார் ஒன்று இருந்தது. சாயங்கால பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வாசிப்பார், அவரே பாடுவார். இந்த ஊரில் என் நாளில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது அது ஒன்றைத்தான். ஒருநாள் சிங்கபெருமாள்கோயில் பக்கம் டிரைவர் போட்ட பிரேக்கில் மேல்தட்டிலிருந்து விழுந்து கிட்டாரின் கழுத்து முறிந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு வாங்கவில்லை.

“வாசிச்சா எனக்கே கேக்கல. அப்பால எதுக்கு?” என்றார்.

ஆனால் அன்றைக்கு, என் அரைகுறை வாக்கியத்தைப் பார்த்தபிறகு, வேறொன்று சொன்னார்.

“டாக்டரு ரெண்டு காலு வச்ச ஒரு இரும்பு முள்ளத் தட்டிக் காதுகிட்ட வச்சாரு. ஒண்ணுமில்ல. அதையே காதுக்குப் பின்னாடி எலும்புல வச்சாரு பாரு... சர்ச்சு மணியத் தூக்கி மண்டைக்குள்ள மாட்டின மாதிரி இருந்துச்சுடா. அதுலேர்ந்து ஒண்ணு நெனச்சுக்கினேகீறேன். கிட்டார்ல தாடைய வச்சா?”

“வச்சுப் பாத்தீங்களாண்ணே?”

“ஒடஞ்சத வச்சு இன்னாத்தப் பாக்குறது? ஞாயித்துக்கெழம மாபலிபுரம் போலாம். உனக்குக் கட்டுரை. எனக்குக் கடைசி தபா. கேட்டா வாங்கறேன். கேக்கலன்னா, கிட்டாரு கணக்க இத்தோட மூடிடறேன்.”

3

ராஜாராம் மாமல்லபுரத்தில் சைக்கிளும் அலைச்சறுக்குப் பலகையும் வாடகைக்கு விடுகிறவர். ஊர் சுற்ற வருகிறவர்கள் திரும்பும்போது தூக்கிக்கொண்டு போக முடியாததை அவரிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். அப்படி இரண்டு கிட்டார்கள் கிடந்தன. ஒன்று கறுப்பு, பெரியது, பளபளப்பு. இன்னொன்று அரை ஆள் உயரம்கூட இல்லாத பழுப்பு. வயிற்றில் ஒட்டுப்போட்ட விரிசல், உப்புக்காற்றில் துருவேறிய கம்பிகள்.

கட்டுரைக்காரனாக நான் என் வேலையைச் செய்தேன். கழுத்தைக் குறி பார்த்தேன். கம்பியை முறுக்கும் கீ எல்லாவற்றையும் திருகிப் பார்த்தேன். கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று குனிந்து பார்த்தேன். கறுப்பை ராஜாராம் ஒருமுறை மீட்டினார். கடை முழுக்க நிரம்பியது.

“அண்ணே, இதுதாண்ணே” என்றேன்.

ஜோயல் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு மேலுள்ள தட்டின் நீளத்துக்கு வெட்டிக் கொண்டுவந்திருந்தார். கறுப்பின் தலை கயிற்றைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது.

“இது அடுத்த பிரேக்குக்குத் தாங்காது” என்றார். ஆனாலும் தூக்கி மடியில் வைத்து, தாடையை அதன் விளிம்புக்குக் கொண்டுபோனார். தாடை எட்டினால் கை எட்டவில்லை. கை எட்டினால் தாடை எட்டவில்லை.

“அண்ணாத்த, கிட்டார் வாங்க வந்தியா, கடிக்க வந்தியா?” என்றார் ராஜாராம்.

“ருசி பாத்துதானே வாங்கணும்?” என்றபடி ஜோயல் சின்னதை எடுத்தார். அது சுலபமாக மேலே ஏறி வந்தது. வாரை இழுத்துக் கட்டி, தாடையை மரத்தில் பதித்து, தடித்த கம்பி ஒன்றை மட்டும் தட்டினார்.

இந்த இடத்துக்காகத்தான் நான் அந்தக் கட்டுரையையே கைவிட்டேன்.

ஓசை வந்தது. துருப்பிடித்த, சுமாரான ஓசை. மெல்லத் தேய்ந்தது. நின்றது. “சரி, இன்னா சொல்றீங்க” என்று ராஜாராம் வாயெடுத்தார். ஜோயல் ஒரு விரலை உயர்த்தினார். பேசாதே. நாங்கள் நின்றோம். தெருவில் ஒரு ஆட்டோ போனது. உளிச் சத்தம் எங்கிருந்தோ வந்தது. விரல் இறங்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் எப்போதோ செத்துப்போன ஓசை, காது கேட்காத அந்த மனிதருக்குள் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

“இன்னும் கீது” என்றார், உதட்டை மட்டும் அசைத்து. பிறகு, “இன்னும்.”

ராஜாராம் கடை மின்விசிறியை அணைத்தார். ஏன் அணைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

4

[இந்தப் பகுதிக்கு என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. காரணம் கீழே.]

வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கதையும் அங்கேயே முடிந்திருக்கும். ஜோயல் முடிக்க விடவில்லை.

“நிக்கும்போது கேக்குது. நான் வாசிக்கப் போறது குலுங்குற பஸ்ஸுல. ஓடும்போது கேக்குதான்னு பாக்கணும். அண்ணாத்த, ஒரு ரவுண்டு எத்துனு போயிட்டு வரேன்.”

“எத எத்துனு?”

“கிட்டாரத்தான். வண்டி வாங்குனா டெஸ்ட் டிரைவ் குடுக்குறாங்கல்ல?”

ராஜாராம் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவன் போன வச்சுட்டுப் போ.”

அப்படித்தான் என் போனும், அதற்குள் இந்தக் கதையின் முதல் இரண்டு பகுதிகளுக்கான குறிப்புகளும் அடமானத்தில் உட்கார்ந்தன. இனி எழுதுவது நினைவிலிருந்து.

5

ஜோயலுடைய பைக்கை நான் ஓட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்து, கிட்டாரைத் தாடைக்குக் கொடுத்து, ஈசிஆர் கடலோரச் சாலையில் வாசித்துக்கொண்டே வந்தார். எதிரில் வந்த பஸ் டிரைவர் ஜன்னலில் தலைநீட்டி, “கச்சேரி எங்க நைனா?” என்று கத்திவிட்டுப் போனார்.

திருவிடந்தை நெருங்கும்போது முதுகில் பலமாக ஒரு அடி.

“நிறுத்து. நிறுத்துடா!”

ஓரம் கட்டினேன். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். மத்தியானத்துக்கு மேல் எழும் காற்று நன்றாகவே வீசியது. அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தேன். கம்பியில் இல்லை. விரித்துக் காட்டினார்.

“நான் வாசிக்கல” என்றார். “அது வாசிக்குது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியேண்ணே.”

“உனக்குக் காது நல்லாகீது, எப்டிக் கேக்கும்? இங்க வை.”

கிட்டாரைக் காற்றுக்குக் குறுக்காகப் பிடித்தார். நான் குனிந்து, அவர் தாடை வைத்திருந்த இடத்தில் என் தாடையை வைத்தேன். மரம் இன்னும் சூடாக இருந்தது.

அது...

[கடலுக்கு அடியில் யாரோ முனகுவதுபோல. வேண்டாம்.]

[ஆறு கம்பிகளும் தூக்கத்தில் பேசிக்கொள்வதுபோல. இதுவும் வேண்டாம். அழகாக இருக்கிறது, அப்படி இல்லை.]

[தாழ்ந்த ஓசை ஒன்று, காற்று ஏறும்போது அது பிளந்து இரண்டாகி, மேலே மூன்றாவது ஒன்று கண்ணாடிபோல எழுந்து.]

கடைசி வரி கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. விட்டுவைக்கிறேன். யாரும் தொடாத கம்பிகள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. தாடையை எடுத்தால் வெறும் காற்று, லாரி. வைத்தால் மண்டைக்குள் அவ்வளவு பெரிய இடம். நான் எடுத்து எடுத்து வைத்தேன். கம்பத்தைவிட்டு வந்தபிறகு, தனியாக இருக்கிறேன் என்கிற நினைப்பே இல்லாமல் நின்ற நேரம் அதுதான்.

“போதும் குடு, தாடை தேஞ்சிடப் போவுது” என்று ஜோயல் பிடுங்கிக்கொண்டார்.

6

அங்கேயே, பைக்கில் சாய்ந்தபடி, பஸ்ஸில் வழக்கமாகப் பாடுகிற பாட்டை வாசித்தார். தாடை மரத்தில். முகம் முழுக்க வெளிச்சம். ஒரு சுற்று வாசித்தார். பாட வாயைத் திறந்தார்.

நின்றுவிட்டார்.

மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் பாட்டு தொடங்கும் இடத்தில் நின்றார். எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாயைத் திறந்தால் தாடை இறங்குகிறது. தாடை இறங்கினால் மரம் விலகுகிறது. கிட்டார் போய்விடுகிறது.

வாயை மூடிக்கொண்டு முனகிப் பார்த்தார். முனகல் வரும், வார்த்தை வராது.

“பாடுனா கேக்காது. கேக்கணும்னா பாடக்கூடாது.” வாரைத் தளர்த்தினார். “கர்த்தரு செமையா காமெடி பண்றாருடா.”

அவர் பாடாமல் வாசித்து நான் பார்த்ததே இல்லை. வாசிப்பது அவருக்குப் பாடுவதற்காகத்தான். திரும்பி வரும்போது கிட்டாரை மடியில் படுக்கவைத்திருந்தார். தாடைக்குத் தூக்கவில்லை.

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

(அ) ராஜாராமிடம் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி நடக்கிறார்.

(ஆ) பல்லைக் கடித்துக்கொண்டே பாடப் பழகிவிடுகிறார்.*

(இ) பின்னாலிருந்து நான் பாடுகிறேன். என் குரல் இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது.

* முயன்று பார்த்தோம். பல்வலிக்காரன் சண்டை போடுவதுபோல இருந்தது.

ஜோயலின் மனைவி ஜாய்ஸ் அண்ணி இதுவரை எழுதியதை வாங்கிப் படித்தார். (அ)வில் விரலை வைத்தார்.

“இன்னா தம்பி, அவரு அழுதாருன்னு எழுதிகீற?”

“கதைக்காக அண்ணி.”

“அவரு எங்க அழுதாரு? கிட்டார வாங்கினு வூட்டுக்கு வந்தாரு. என்னை நாற்காலில உக்கார வச்சு, என் தாடைல வச்சு, ‘இதான் ஜாய்ஸ் எனக்குக் கேக்குறது’ன்னு வாசிச்சுக் காட்டுனாரு. நான்தான் அழுதேன். அத எழுது.”

எழுதிவிட்டேன். ஆக, வாங்கிவிட்டார். ஆனால் வாங்கியது முடிவாகாது என்று அண்ணிக்கும் தெரியும்.

“பஸ்ஸுல யாராவது பாடுனா அவரு வாசிப்பாரு. யாரும் பாடலன்னா ரெண்டு நாள் எத்துனு போவாரு, மூணாம் நாள் பீரோ மேல வச்சுருவாரு. எனக்குத் தெரியாதா அவர? நீயே பாடேன்.”

“எனக்கு வராது அண்ணி. நெசமாவே வராது.”

“ஐய, இவ்ளோ எழுதத் தெரியுது.”

8

சாயங்கால பஸ். மறைமலைநகர் கேட்டைத் தாண்டிவிட்டோம். கடைசி சீட்டில் ஜோயல் மேல்தட்டிலிருந்து சின்ன கிட்டாரை இறக்குகிறார். முன் சீட்டு வெங்கடேசன் திரும்பி, “வந்துட்டான்யா வித்வான்!” என்கிறான். சிரிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு ஆட்கள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றுகிறார்கள்.

தாடையை வைக்கிறார். வாசிக்கிறார். பஸ்ஸின் அத்தனை ஆட்டத்திலும் கை பிசகவில்லை. எங்களுக்கெல்லாம் இன்ஜினுக்கு நடுவே பாதிதான் கேட்கிறது. அவருக்கு முழுசாகக் கேட்கிறது. அது அவர் கண்ணில் தெரிகிறது.

முதல் சுற்று முடிந்தது. வழக்கப்படி அவர் பாடுவார் என்று எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். அவர் எங்களைப் பார்க்கிறார். தாடையை எடுக்க முடியாது, எடுத்தால் போய்விடும். ‘யாராவது’ என்று சொல்லவும் முடியாது. புருவத்தை மட்டும் உயர்த்துகிறார்.

இரண்டாவது சுற்று. வெங்கடேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். எதிர் வரிசை சுஷ்மிதா பக்கத்தில் இருப்பவளை இடிக்கிறாள், அவள் திருப்பி இடிக்கிறாள். நான் வாயைத் திறக்கிறேன். முதல் வார்த்தை வரை வந்துவிட்டேன். அதற்கு மேல்

மூன்றாவது சுற்று ஆரம்பித்துவிட்டது. இதற்கு மேல் நான் எழுத முடியாது. இது எழுதுகிற வேலை இல்லை. நீங்கள் வந்து உட்காருங்கள். இடம் இருக்கிறது. அவருக்கு இடது பக்கம், மெஷின் மாட்டிய காதுப் பக்கம் உட்காருங்கள், வலது பக்கம் வேண்டாம். எந்தப் பாட்டாக இருந்தாலும் அவர் பிடித்துக்கொள்வார். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சுற்று முடியப் போகிறது. இப்போது பாட்டை எடுங்கள்.

கொஞ்சம் சத்தமாக.