பத்தாவது துளை

வாரம் ஒருமுறை, உறைந்த விரிகுடாவில் பத்துத் துளை போட்டு, பனிக்கட்டியின் தடிமனை அளந்து ஏட்டில் எழுதுவது என் வேலை. எங்கள் தீவுக்கு விமானம் வந்தால் இறங்குவது அதன் மேல்தான். அந்தத் திங்கட்கிழமை எட்டுத் துளையோடு திரும்பிவிட்டேன். மிச்சம் இரண்டும் விரிகுடாவின் முனைக்கு அருகே. அங்கே நீரோட்டம் அடியிலிருந்து அரிக்கும். ஒழுங்காக அளக்க வேண்டிய இடமே அதுதான். கரடிக்குப் பயந்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் அன்று எங்கள் வானிலை நிலையத்துச் சமையல்காரி ராய்சா பீட்ரூட் சூப் வைத்திருந்தாள், ஆறிவிடும். சூப்பைக் குடித்துக்கொண்டே ஒன்பதுக்கு எழுபத்திரண்டு, பத்துக்கு எழுபத்து நான்கு சென்டிமீட்டர் என்று எழுதினேன். கையெழுத்து அழகாகவே வந்தது.

புதன்கிழமை ராய்சாவுக்கு வலது அடிவயிற்றில் வலி. மதியத்துக்குள் காய்ச்சல், நிமிர முடியவில்லை. குடல்வால், இன்றே அறுத்தாக வேண்டும் என்று நகரத்து மருத்துவர் வானொலியில் சொன்னார். நிலையத்தில் நாங்கள் மூன்றே பேர். தலைவர் சவேலி கார்ப்பிச் என் ஏட்டைப் பார்த்துப் பத்து எண்களையும் வானொலியில் வாசித்தார். விமானம் கிளம்பிவிட்டது.

அதன் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"கார்ப்பிச், கடைசி ரெண்டும் நான் அளக்கல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அம்பது நிமிஷம் இருக்கு. போ," என்றார்.

பனிவண்டியை விரட்டிக்கொண்டு போனேன். சாமி இல்லை என்று பெருமையடிப்பவன் நான். துளைப்பானின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புனிதரைக் கூப்பிட்டேன். தெரிந்ததே நாலு பேர். திரும்பத் திரும்ப அவர்களையே தொந்தரவு செய்தேன். ஒன்பது: எழுபது. பத்து: எழுபத்தாறு. அறுபது இருந்தாலே போதும்.

மூச்சிரைக்க உள்ளே வந்து சொன்னேன். முதலில் தந்த எண்களில் இரண்டு பொய் என்று தலைவர் விமானியிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்; இப்போது புதிய எண்களைச் சொன்னார்.

"யாரு அளந்தது?"

"திகோன்."

"முதல்ல கதை எழுதினாரே, அதே எழுத்தாளரா?"

"அவனேதான்."

"கூட யாரு இருந்தா?"

யாரும் இல்லை. தலைவர் போய் அளந்து வரும்வரை சுற்றிக்கொண்டிருக்க விமானத்தில் எரிபொருளும் இல்லை.

"எனக்கு வீட்ல ரெண்டு பொண்ணுங்க, கார்ப்பிச். திரும்பிடறேன்."

கட்டிலிலிருந்து ராய்சா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்தக் கழுதை நெசமாவே அளந்துச்சான்னு கேளுங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். நனைந்து உறைந்த கையுறையைக் காட்டினேன். அதில் எண் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவர் ஒலிவாங்கியை அழுத்தினார். "நான் கூட இருந்தேன். கண்ணால பாத்தேன். எழுபத்தாறு."

முப்பது வருடமாக ஏட்டில் ஒரு எண்ணைக்கூட அடித்துத் திருத்தாத மனிதர்.

விமானம் இறங்கி, ஒன்பதைத் தாண்டி, பத்தைத் தாண்டி ஓடியது. அளந்தவன் நான், எனக்கே நம்பிக்கை வரவில்லை. பனி முனகியது. தாங்கியது. தூக்கி ஏற்றும்போது ராய்சா, "சட்டிய ஊற வை, காஞ்சா சுரண்டி மாளாது," என்றாள்.

அன்று மாலையே அறுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தச் செய்தி வருமுன்பே, விமானம் கண்ணிலிருந்து மறைந்த உடனே, தலைவர் என் வண்டியிலிருந்த துளைப்பானை எடுத்துக்கொண்டு முனையை நோக்கித் தனியாக நடந்தார். என்னைக் கூப்பிடவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தேன். வெகுநேரம் குனிந்திருந்தார்.

திரும்பி வந்து, துளைப்பானைச் சுவரில் மாட்டினார்.

"எழுபத்தஞ்சு," என்றார்.

அந்த ஒரு சென்டிமீட்டரைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.