மணிக்கூண்டடியில் இரண்டு மணி நேரம்

டிரில் மாஸ்டர் ஐரோப்பாவுக்குப் போகப்போகிறார் என்ற விஷயம் தெருவுக்குத் தெரிவதற்கு முன்பே அவர் வீட்டு மொட்டைமாடிக்குத் தெரிந்துவிட்டது. கோடை விடுமுறை விட்ட மறுநாள் காலையில் விசில் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் ஜன்னலைத் திறந்து பார்த்தால், மாஸ்டரின் மனைவியும் மகனும் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு சக்கரப் பெட்டியை இழுத்தபடி மாடியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் துணிமணி ஒன்றும் இல்லை. செங்கல்.

“அங்க யாரும் வந்து தூக்கித் தர மாட்டாங்க. அவங்கவங்க பெட்டி அவங்கவங்க பொறுப்பு. முதுகை நிமித்தி நட” என்றார் மாஸ்டர்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மகன் ஐரோப்பாவுக்குப் போகவே இல்லை. அவனுக்கு செல்போன் கடையில் புதிதாக வேலை கிடைத்திருந்தது, லீவு கிடையாது. “வராதவன் நான் எதுக்குப்பா செங்கல் இழுக்கணும்?” என்று அவனும் கேட்டுப் பார்த்தான். குடும்பம் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று பதில் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே பழகிய மனுஷனுக்கு வீட்டில் இருக்கிற இரண்டு பேரை நிறுத்த எவ்வளவு நேரமாகும்?

மாடியோடு விட்டாரா என்றால் இல்லை. குளிர் பழக வேண்டும் என்று பிரிட்ஜைத் திறந்து வைத்து, அதன் முன்னால் மனைவியை ஸ்வெட்டரோடு உட்கார வைத்தார். முள்கரண்டியால் சாப்பிடப் பயிற்சி நடந்தது. குளியலறை வாசலில் இடைவெளி விட்டு வரிசையில் நிற்கும் பயிற்சியும் நடந்தது. மனைவியிடம் துணி தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, “தையல்காரம்மா, ஊர் சுத்திப் பாக்கப் போறீங்களா, பட்டாளத்துக்குப் போறீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். தையல்காரம்மாவும் சிரித்துவைத்தாள். வேறு வருஷமாக இருந்தால் செங்கலைத் தூக்கி அவர் காலடியிலேயே போட்டிருப்பாள். இந்த வருஷம் மூச்சு விடவில்லை. அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று மகனுக்கே ஆச்சரியம்.

சுற்றுலாக் கம்பெனிக்காரன் கொடுத்த தாளில் நான்கு நகரங்கள் இருந்தன. மூன்றாவது நகரத்தில் அவளுடைய ஒரே மகள், மூத்தவள், இருந்தாள்.

பெரியவள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது. போன அன்று மாஸ்டர் வாசலில் நின்று, “இனிமே எனக்கு ஒரு பையன் மட்டும்தான்” என்று தெருவே கேட்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. அவளுடைய படங்கள் சுவரிலிருந்து இறங்கின. பேத்தி பிறந்த சேதி வந்தபோதும் அவர் செய்தித்தாளை மடக்கக்கூட இல்லை. கல் நெஞ்சக்காரர் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் தையல்காரம்மாவும் நினைத்திருந்தாள்.

அவள் மட்டும் மகளோடு காதும் காதும் வைத்தாற்போலப் பேசிவந்தாள். தையல் மிஷினை ஓட்டிக்கொண்டேதான் பேசுவாள். கூடத்தில் இருப்பவருக்கு மிஷின் சத்தம் மட்டும் கேட்கும். ஊசியில் நூல் இருக்காது. ஏழு வருஷமாக அந்த வீட்டில் நூல் இல்லாமல் மிஷின் ஓடிய ஓட்டத்துக்கு ஒரு ஊருக்கே துணி தைத்திருக்கலாம்.

சுற்றுலாவைப் பற்றிச் சொன்னதும் பெரியவள் எந்தக் கம்பெனி, என்றைக்கு என்று விசாரித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“அம்மா, அப்பாவும் வர்றார்னா நான் ஓட்டலுக்கெல்லாம் வரமாட்டேன். எல்லார் முன்னாடியும் அவர் மூஞ்சிய திருப்பிக்கிட்டா என்னால தாங்க முடியாது. எங்க ஊர்ல உங்களை மணிக்கூண்டு கிட்டதான் இறக்கி விடுவாங்க. ரெண்டு மணி நேரம் நீங்களா சுத்திப் பாக்கலாம்னு விட்டுடுவாங்க. நீ அங்கயே உக்காந்திரு. நான் பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்.”

“வந்துடறேன்டி. உங்கப்பாவை எங்கயாவது அனுப்பிட்டு அங்கயே உக்காந்திருக்கேன்.”

“நெஜமா வருவியா? எனக்கு இப்படித் திருட்டுத்தனமா பேசிப் பேசி அலுத்துப்போச்சும்மா. எம்பொண்ணு கேக்கறா, பாட்டி ஏன் எப்பவும் ரகசியமாவே பேசறாங்கன்னு. நீ அவரை மீறி எனக்காக ஒரே ஒரு தடவை வா. வரலேன்னா உனக்கும் அவர்தான் பெருசுன்னு நினைச்சுக்கறேன். அப்புறம் இந்த போனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாகச் சொன்னாள். பெரியவள் அப்பனைக் கொண்டு பிறந்தவள். சொன்னால் சொன்னதுதான்.

அதனால்தான் தையல்காரம்மா செங்கல் இழுத்தாள், பிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்தாள், கரண்டியால் சாப்பிட்டாள். பேத்தியின் அளவை மகளிடம் கேட்டு ஒரு பூப்போட்ட கவுனும் தைத்து, பெட்டியில் தன் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நகரங்களை அவள் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. அரண்மனை என்றார்கள், தலையை ஆட்டினாள். ஓவியம் என்றார்கள், அதற்கும் ஆட்டினாள். கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கைடு பின்னால் கூட்டத்தோடு நடந்தாள். மாஸ்டர்தான் பஸ்ஸில் முதல் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கைடோடு ஓயாமல் பேசிவந்தார். மூன்றாவது ஊரில் உள்ள பெரிய ஸ்டேடியத்தை எப்படியாவது பார்த்துவிட வேண்டும், ஓட்டப்பந்தயம் சொல்லிக்கொடுக்கிறவன் அதைப் பார்க்காமல் திரும்பினால் அர்த்தமே இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றார். தையல்காரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தொலைந்தது சனியன், இவர் ஸ்டேடியத்துக்குப் போனால் நமக்கு மணிக்கூண்டு.

அந்த நாளும் வந்தது. கல் பாவிய பெரிய சதுக்கம், நடுவில் மணிக்கூண்டு, சுற்றிலும் பெஞ்சுகள். இரண்டு மணி நேரம் கழித்து இங்கேயே வந்துவிடுங்கள் என்று சொல்லி கைடு எல்லோரையும் அவிழ்த்துவிட்டான். அவள் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, எனக்குக் கால் கடுக்குது. நீங்க ஸ்டேடியத்தைப் பாத்துட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்.”

“நீயும் வா” என்றார் மாஸ்டர்.

“எனக்கு ஸ்டேடியத்துல என்னங்க இருக்கு?”

“வான்னா வாயேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதட்டவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் அவள் கையைப் பிடித்து எத்தனை காலமாயிற்றோ. எங்கே உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதோ என்று பயந்தாள். மறுத்தால் சண்டை வரும், சண்டை முற்றும் நேரத்தில் மகள் வந்து நின்றால் எல்லாம் பாழாகும் என்றும் பயந்தாள். பக்கத்தில்தானே இருக்கும், எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று எழுந்துவிட்டாள். அந்த ஒரு கணத்தை நினைத்து அவள் பிற்பாடு தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

பக்கத்திலாவது ஒன்றாவது. ஒரு பாலம் தாண்டினார்கள், ஒரு பூங்கா தாண்டினார்கள். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்து வழிப்போக்கர்களிடம் நீட்டிக்கொண்டே போனார். ஒருவர் இடப்பக்கம் கை காட்டினார், இன்னொருவர் வந்த வழியையே காட்டினார். வழி தப்பிச் சுற்றினார்கள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“திரும்பிப் போலாங்க. எனக்கு முடியல.”

“இதோ வந்தாச்சு.”

“இதையே எத்தனை தடவை சொல்வீங்க? ஊர் உலகத்துல இல்லாத ஸ்டேடியமா அது?”

அவர் துண்டுத்தாளை அடுத்த ஆளிடம் நீட்டினார். போனில் மகளைக் கூப்பிடவும் வழியில்லை. வெளியூர் சிம் எல்லாம் வீண் செலவு, ஓட்டலில் வைஃபை இருக்கிறது போதும் என்று முதல் நாளே அவர் முடித்துவிட்டார். பேத்திக்கென்று எடுத்துவந்த கவுன் கைப்பைக்குள் கிடந்தது. அவள் அழுதுகொண்டே நடந்தாள், அவர் அதைக் கவனிக்காதவர் போல நடந்தார்.

கடைசியில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் முன்னால் நின்றார். ஸ்டேடியம் எங்கே என்று அவள் கேட்க வாயெடுத்தாள். அவர் வாசல் கதவின் பக்கத்தில் வரிசையாக இருந்த அழைப்புமணிப் பொத்தான்களைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர். மூன்றாவது வரிசையில் அவள் மகளின் பெயர் இருந்தது.

“நீ அழுத்து. எனக்குக் கை வரல” என்றார்.

தையல்காரம்மா அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். “ஏங்க... இது...”

“சின்னவனை விட்டு அவ சிநேகிதிங்ககிட்ட விசாரிச்சு விலாசம் வாங்கினேன். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன். இந்த டூரே இதுக்குத்தான். ஸ்டேடியம் யாருக்கு வேணும்?” அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “முன்னாடியே சொல்லியிருப்பேன். கடைசி நேரத்துல பாழாப்போன வீம்பு வந்து நான் திரும்பிட்டேன்னா, நீ ஏமாந்து போயிடுவியேன்னு சொல்லல. அழுத்து. என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன். கதவைத் திறக்கட்டும், போதும்.”

அவள் அழுத்தவில்லை. அழுத்தி என்ன ஆகப்போகிறது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் பொறுக்கமாட்டாமல் தானே அழுத்தினார். மறுபடி அழுத்தினார். நாயைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த ஒருவர், அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இடுப்புயரத்தில் கையை வைத்துக் குழந்தை என்று காட்டி, தெருவைக் காட்டிவிட்டுப் போனார்.

“வெளிய போயிருக்கா போல. கொஞ்சம் இருந்து பாப்போம்” என்றார் மாஸ்டர்.

“அவ வரமாட்டாங்க.”

“ஏன்?”

“மணிக்கூண்டு கிட்ட நிக்கறா. எனக்காக. நான் வர்றேன்னு சொல்லியிருந்தேன்.”

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று தெரிந்திருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். அவளும் ஓடினாள். பூங்காவைக் கடந்து, பாலத்தைக் கடந்து, நடுவில் அவள் விழுந்து, அவர் தூக்கிவிட்டு, மறுபடி ஓடினார்கள். ஊரெல்லாம் வேடிக்கை பார்த்தது.

சதுக்கத்தில் மஞ்சள் தொப்பிகள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தன. பெஞ்சுகள் எல்லாவற்றிலும் யார் யாரோ. தன் மகளைத் தவிர அத்தனை முகங்களையும் அவள் பார்த்துவிட்டாள்.

கைடு சிரித்துக்கொண்டே வந்தான். “அம்மா, உங்களைத் தேடிக்கிட்டு ஒரு பொண்ணு குழந்தையோட வந்தாங்க. எங்க தொப்பியைப் பாத்துட்டு எங்கிட்ட கேட்டாங்க. ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. நான்தான் பாவமேன்னு, அம்மா சாரோட ஸ்டேடியம் பாக்கப் போயிட்டாங்க, இப்போதைக்கு வரமாட்டாங்கன்னு சொல்லி அனுப்பினேன்.”

நல்ல பையன். உதவி செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தான். அவன் போனை வாங்கி அவள் மகளின் எண்ணுக்கு அடித்தாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அதற்குள் டிரைவர் ஹாரன் அடிக்க, உள்ளே இருந்தவர்கள் இவர்களுக்காகத் தாமதமாகிறது என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அன்று இரவு தங்க வேண்டிய ஓட்டல் அடுத்த நாட்டில் இருந்தது. மாஸ்டர் கைடிடம் கெஞ்சிப் பார்த்தார். அவர் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. விசா எல்லோருக்கும் ஒன்றாக எடுத்தது, விட்டுவிட்டுப் போக முடியாது சார் என்றான் கைடு. ஏறினார்கள்.

ஓட்டல் அறைக்கு வந்து வைஃபை கிடைத்ததும் போன் ஒரு தடவை துடித்தது. மகளிடமிருந்து ஒரே ஒரு வரி, மணிக்கூண்டடியிலிருந்து அனுப்பியது.

‘ஸ்டேடியம் நல்லா இருந்துச்சாம்மா?’

தையல்காரம்மா நடந்ததையெல்லாம் அடித்தாள். அப்பா உன் வீட்டு வாசலில்தான் நின்றார் என்று அடித்தாள். தப்பும் தவறுமாக, கண்ணைத் துடைத்துத் துடைத்து அடித்து அனுப்பினாள். போகவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள், மணியே அடிக்கவில்லை. போனில் மகள் பெயருக்குப் பக்கத்தில் பேத்தியின் படம் இருந்த இடத்தில் இப்போது வெறும் வட்டம் இருந்தது. மகள் சொன்னபடி செய்துவிட்டாள், அம்மாவின் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள்.

குளியலறையிலிருந்து வெளியே வந்த மாஸ்டர் துண்டோடு நின்றார். அவர் படிக்கிற கண்ணாடி எங்கோ பெட்டிக்குள் கிடந்தது.

“ஏதாவது போட்டிருக்காளா?”

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இந்த மனுஷன் வாசலில் நின்று கத்திய அந்தக் கத்தலை ஏழு வருஷத்தில் அவள் மன்னிக்கவே இல்லை. இப்போதும் மன்னிக்கவில்லை. படித்துக் காட்டிவிடலாம், நன்றாக வேண்டும் என்றுதான் வாயெடுத்தாள்.

“குழந்தைக்குப் பசி வந்துடுச்சாம். அதான் கிளம்பிட்டாளாம்” என்றாள்.

“கோவமா இருக்காளா?”

“இல்லீங்க. ஊருக்குப் போனதும் பேசறேன்னு போட்டிருக்கா.”

“என்னைப் பத்தி?”

“கேட்டிருக்கா.”

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். பிறகு துடைத்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி அவள் பக்கம் நகர்ந்து வந்தார்.

“ஊருக்குப் போனதும் நானே பேசறேன். நீ நம்பரைப் போட்டுக் குடு. மொதல்ல எப்படிக் கூப்பிடறது? பேரைச் சொல்லியா, இல்ல சின்ன வயசுல கூப்பிடற மாதிரி பாப்பான்னா?”

“பாப்பான்னே கூப்பிடுங்க” என்றாள்.

அவர் இரண்டு மூன்று தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.