உப்புத்தாள்

குளியலறைக்குள்ளிருந்து சர், சர் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் திருமூர்த்திக்கு அது பழகிய சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் உப்புத்தாள் என்று சொல்லிவிடுவார். இரும்பின் துருவை எடுக்கிற, மணல் ஒட்டிய முரட்டுக் காகிதம். பெயரில் மட்டும்தான் உப்பு. அதற்கு வீட்டுக் குளியலறையில் என்ன வேலை என்பதுதான் புரியவில்லை.

“மானு, கதவத் தெற கண்ணு.”

நான்காவது படிக்கும் மகள் மானசா கதவைத் திறந்தாள். உதட்டில் ரத்தம். கையில் மடித்த உப்புத்தாள், அதன் மேல் வெள்ளையாகக் கொஞ்சம் மாவு.

“என்ன பண்ணிப்போட்ட?”

“அம்மா உப்புப் போட்டுத் தேச்சாப் போயிரும்னாங்க. போகல. துருவுக்கு உப்புத்தாளுதானுங்கப்பா போடோணும்?”

துரு என்று பெயர் வைத்தவர் திருமூர்த்திதான். பால்பல் விழுந்து முளைத்த முன்பற்கள் இரண்டும் முளைக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக வந்தன. பிள்ளை பல் விளக்குவதில்லை என்று குடும்பம் ஏகமனதாகத் தீர்ப்பு எழுதியது. அவர் மனைவி புவனா பேஸ்ட்டை மாற்றினாள், பிரஷ்ஷை மாற்றினாள், மிட்டாயை நிறுத்தினாள், பக்கத்திலேயே நின்று அழுத்தித் தேய்க்க வைத்தாள். கூசுகிறது என்று பிள்ளை அழுததை, விளக்காமல் தப்பிக்கச் சொல்லும் சாக்கு என்றாள். திருமூர்த்தி தன் பங்குக்கு, “நம்மூட்டு மெஷினுக்குப் புதுசுலயே துரு புடிச்சுப்போச்சு” என்று சொல்லிச் சிரித்தார். பட்டறையிலும் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். தன் நகைச்சுவைக்குச் சிரிக்கிறவர்கள் அத்தனை பேரும் தன்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பது அவருக்கு அதுவரை உறைத்ததில்லை.

முந்தின நாள்தான் பள்ளிக்கூடத்தில் முத்துப்பல் விழா நடந்தது. தலைமை, பல்பொடி ஏஜென்சி எடுத்திருக்கும் ‘சேவைச் செம்மல்’ தம்பிதுரை. போர்த்திய சால்வைகளுக்கு நடுவே மனிதரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் வாயில் இருந்த வரிசையில் ஒன்றுகூட அவருடன் பிறந்ததில்லை. அந்த வாயால் பல் பராமரிப்பு பற்றி முழங்கிவிட்டு, முன்வரிசையிலிருந்த மானசாவை மேடைக்கு அழைத்தார். மோதிரம் போட்ட விரலால் அவள் மேலுதட்டைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார்.

“பாருங்க, சோம்பேறித்தனம் பண்ணுனா இப்பிடித்தான் ஆகும். இனி ஒழுங்கா வெளக்கறியா அம்மணி?”

அரங்கம் கைதட்டியது. பெற்றோர் சங்கத் துணைத்தலைவர் என்ற முறையில் திருமூர்த்தியும் தட்டினார்.

உதட்டைத் தூக்கிக் காட்டிய அந்தப் படம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே வந்திருந்தது. இப்போது அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் பல் டாக்டரம்மா. வேறு வழியில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த மானசா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து எடுக்கவில்லை.

“இது அழுக்கே இல்லீங்க. பல்லு ஈறுக்குள்ள உருவாகறப்பவே மேல்பூச்சு சரியா முத்தல. எனாமல்னு சொல்றமே, அதுதான். எத்தன வெளக்குனாலும் போகாது, கூசத்தான் செய்யும்.”

“எதுனாலீங்க?” என்றாள் புவனா.

“கைக்கொழந்தைல வந்த காய்ச்சலா இருக்கலாம், வேற எதாச்சுமா இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. வெளக்காததுனால இல்ல.”

புவனா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“ஏற்கனவே மெத்துனு இருக்கற பல்லு. அதப் போய்த் தேச்சிருக்கா. உள் நரம்பு வரைக்கும் போயிருந்தா ரெண்டும் நிக்காதுங்க. மிச்சம் இருந்தா மேல பூச்சு வெச்சுக் காப்பாத்திரலாம். ஆனா வாயத் தெறக்கோணுமே.”

திருமூர்த்தி மகளின் அருகே போனார். கெஞ்சினார். ஆனைமலை மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். சைக்கிள் என்றார். நாய்க்குட்டி என்றார். கடைசியில் அதட்டினார். எதுவும் எடுபடாமல், அவள் கைகளைத் தானே விலக்கப் போனார். அவர் விரல் உதட்டருகே வந்ததும் மானசா தலையை நாற்காலிக்குள் புதைத்துக்கொண்டாள். நேற்று மேடையிலும் இப்படித்தான் தலையைப் பின்னால் இழுத்தாள். அப்போது, கூச்ச சுபாவம் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் விளக்கம் சொல்லியிருந்தார்.

கையை எடுத்துவிட்டார்.

“மானு, எம்மேலதான் தப்பு, கண்ணு. அது துரு இல்ல. ஒருக்கா தெற.”

பொத்திய விரல்களுக்குள்ளிருந்து சொற்கள் வந்தன.

“அப்பா வெளிய போகட்டும்.”

டாக்டரம்மா அவரைப் பார்க்காமல் கையுறையை மாட்டினார். புவனாவும் பார்க்கவில்லை. திருமூர்த்தி வெளியே வந்தார். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

கண்ணாடிக் கதவுதான். ஆனால் மேலிருந்து மங்கலான காகிதம் ஒட்டியிருந்தது. அடியில் ஒரு சாண் மட்டும் தெளிவு. காத்திருப்பவர்கள் பார்க்கப் பார்க்க, சங்கத் துணைத்தலைவர் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து அந்த இடைவெளி வழியே பார்த்தார். சக்கர ஸ்டூலின் கால், புவனாவின் சேலைக் கரை, நாற்காலியின் நுனியில் வெள்ளை சாக்ஸ் போட்ட இரண்டு சின்னப் பாதங்கள். உள்ளே ஏதோ மெஷின் ஓடத் தொடங்கியது. சாக்ஸுக்குள் விரல்கள் அத்தனையும் உள்பக்கமாக இறுக மடங்கின. அவை விரிவதற்காக, அவர் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக் காத்திருந்தார்.