தாழ்ப்பாள் உள்ள அறை

"வரிசை வேண்டாம்! உங்கள் அறையிலிருந்தே டாக்டரைப் பாருங்கள்!" என்று போஸ்டர் அடித்து விடுதிச் சுவரெல்லாம் ஒட்டினேன். ஆன்லைன் டாக்டரை மாணவிகளிடம் பிரபலமாக்குவதுதான் கல்லூரியில் எனக்குத் தந்த புராஜெக்ட். ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சும்மா கிடைக்குதுன்னா அவ்ளோ இளக்காரமா உங்களுக்கு?" என்று அறைத்தோழியிடம் எரிந்து விழுந்தேன்.

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ரூம்ல நாலு பேர் இருக்கோம்டி. எனக்கு எங்க அரிக்குதுன்னு டாக்டர்கிட்ட சொன்னா, சாயங்காலத்துக்குள்ள ஹாஸ்டல் பூரா டமாரம் அடிச்சிருவாளுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் தவிக்கும் நானே அந்த டாக்டரை இன்னும் அழைக்கவில்லை.

வார்டனிடம் கெஞ்சிக் கூத்தாடி, துணி தேய்க்கும் அறையின் சாவியை வாங்கினேன். ஒரு மேசையும் நாற்காலியும் போட்டேன். கதவில், "டாக்டரிடம் பேச இந்த அறை. உள்ளே தாழ்ப்பாள் உண்டு" என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.

மறுநாள் மாலை, 'வரிசை வேண்டாம்' போஸ்டருக்குக் கீழே, அந்த அறை வாசலில் ஒரு வரிசை நின்றது. யாரும் யாரையும் எதற்கென்று கேட்கவில்லை. அறைத்தோழிக்குப் பின்னால் நானும் போய் நின்றேன்.