தமிழிலும் டயர்டாத்தான் இருக்கு

எங்கள் தலைமைப் பதிப்பாசிரியருக்கு அலுவலகத்தில் ‘அகராதி’ என்று பெயர். ஆங்கிலம்-தமிழ் அகராதி போடுவதால் வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. சொல்லுக்குப் பொருள் எழுதினால் மட்டும் போதாது; ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தை யாராவது உண்மையிலேயே சொல்லியிருக்க வேண்டும், நாம் நம் காதால் கேட்டிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து நாமாகக் கட்டிய வாக்கியம் பிணமாம். சொன்னது யார், என்ன செய்துகொண்டிருந்தபோது சொன்னார் என்று குறுக்கு விசாரணை வேறு. ‘தீஃப்’ என்ற சொல்லுக்காக எங்கள் தட்டச்சர் ஒரு நாள் முழுக்கக் காவல் நிலைய வாசலில் நின்றார். கடைசியில் அவரையே உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த விசாரணையிலிருந்து இரண்டு நல்ல வாக்கியங்கள் கிடைத்ததாக அகராதிக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு வந்து வாய்த்தது ‘டயர்ட்’.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு வாரம் லீவு கேட்டிருந்தேன். கல்யாணமோ காதுகுத்தோ இல்லை. பக்கத்து ஊரில் இருக்கும் அக்கா ஃபோன் பண்ணும்போதெல்லாம், “ஒண்ணும் பண்ண வேணாம்டி, வந்து சும்மா படு” என்பாள். அதற்குத்தான். போன தடவை போகக் கிளம்பியபோது மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அதற்கு முந்தின தடவை வீட்டுக்காரருக்குத் தும்மல். இந்தத் தடவை திங்கட்கிழமைக்கு பஸ் டிக்கெட்டே எடுத்துவிட்டேன். போகாவிட்டால் எங்கேயாவது நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவேன் என்று உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

“தாராளமா போங்க. இந்த ஒரு சொல்ல மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க,” என்றார் அகராதி.

ஒரு சொல்தானே என்று தலையாட்டினேன். அவர் விரலை மடக்க ஆரம்பித்தார். வண்டியில் வந்தால் அலுப்பு. சாப்பிட்டுச் சாய்ந்தால் அசதி. சுமை தூக்கினால் களைப்பு. உடம்போடு மனசும் விழுந்தால் சோர்வு. ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சலிப்பு. இதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. எல்லாம் போய், மேற்கொண்டு ஒன்றுமே மிச்சமில்லை என்றால் ஓய்ந்துபோதல். ஆறு பொருள், ஆறு வாக்கியம்.

ஊரில் அலுத்தவர்களுக்கா பஞ்சம்? அப்படித்தான் நானும் நினைத்தேன். ஆனால் தையற்காரர், காய்கறிக்காரம்மா, எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் என்று யாரைக் கேட்டாலும் ஒரே வாக்கியம்: “டயர்டா இருக்குங்க.” டயர்டுக்குத் தமிழ் தேடிப் போனவளிடம் ஊரே டயர்டைத் திருப்பிக் கொடுத்தது.

வீட்டுக்காரர் சோபாவில் நீட்டிப் படுத்துக்கொண்டு டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடினது அவர்கள், மூச்சு வாங்கினது இவருக்கு.

“ரொம்ப டயர்டா இருக்கு. டீ போடறியா?”

“அதையே கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்களேன்.”

“தமிழ்லயும் டயர்டாத்தான் இருக்கு.”

டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றேன். அப்புறம்தான், “சாப்பிட்டது ஒரே அசதியா அமுக்குதும்மா, குடு,” என்றார். ஒன்று தேறியது. மாமியார், “பஸ்ல வந்த அலுப்பு இன்னும் போகல,” என்றார். அவர் பஸ்ஸில் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஆனாலும் வாக்கியம் வாக்கியம்தான். மாடிக்கு பீரோ தூக்கிக்கொண்டு வந்தவர் தண்ணீர் கேட்டபோது களைப்பு கிடைத்தது. அவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் எழுதினேன், நான் அவ்வளவு அகராதி பிடித்தவள் இல்லை. கிளினிக் நர்ஸ் சோர்வைத் தந்தாள். பஸ் கண்டக்டர் சலிப்பைத் தந்தார், மீதிச் சில்லறையைத் தரவில்லை.

ஓய்ந்துபோதல் மட்டும் கிடைக்கவே இல்லை. அப்படி ஓய்ந்துபோனவர்கள் வாயைத் திறந்து பேசவா போகிறார்கள்?

இதற்கு நடுவில் வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். சமைத்துப் போட்டு, அத்தனை பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டீ தட்டோடு கூடத்துக்கு வந்தேன். “இவளுக்கு டயர்டுன்னா என்னன்னே தெரியாது. மெஷின் மாதிரி,” என்று வீட்டுக்காரர் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் என்னைப் பாராட்டாகப் பார்த்தார்கள். தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. கழுவப்போவது நான்தானே என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐந்து வாக்கியங்களோடு அகராதியின் அறைக்குப் போனேன்.

“ஆறாவது எங்க?”

“கிடைக்கல சார். அஞ்சோட விட்டுடலாமே.”

“பாதிக் கிணறு தாண்டறதாம்மா? பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. திங்கக்கிழமையும் தேடுங்க, ஒண்ணும் அவசரமில்ல.”

திங்கட்கிழமைக்கு எடுத்த பஸ் டிக்கெட் என் பைக்குள் இருந்தது. கேட்காமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அழவேண்டும் என்று நினைக்கவில்லை. கண் பாட்டுக்கு வழிந்தது.

“சார், நான் ஓஞ்சு போயிட்டேன் சார். இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. தயவுபண்ணி என்ன விட்டுடுங்க.”

அகராதி எழுந்தே நின்றுவிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மனுஷனுக்கு இரக்கம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் பேனாவைத் திறந்தார்.

“பிரமாதம்! ‘ஓஞ்சு போயிட்டேன், இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமே இல்ல.’ மெதுவா இன்னொரு தடவை சொல்லுங்க. சொன்னவர், பெண், நடுத்தர வயது...” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

நடுத்தர வயதாம். அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது.

எழுதி முடித்துத் தாளை ஊதிக் காயவைத்தார். “இத்தனை நாளா உங்க கையிலயே வெச்சிருந்தீங்களே! பாருங்க, உயிருள்ள வாக்கியம் உங்ககிட்டதான் வருது. அதனால அடுத்த சொல்லையும் நீங்களே எடுத்துக்கங்க. ‘டயர்லெஸ்’. களைப்பே தெரியாதவர். லீவ அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

டயர்லெஸ்ஸுக்கு வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. கூடத்தில் வீட்டுக்காரர் வாய்திறந்து சொன்னது, நான் தட்டோடு நின்று காதால் கேட்டது. எந்தக் குறுக்கு விசாரணைக்கும் நிற்கும். கொடுத்தால் அகராதி என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்வார். அதற்கப்புறம் இறக்கிவிடவே மாட்டார்.

“முடியாது சார்,” என்றேன்.

அவர் கை மறுபடியும் பேனாவுக்குப் போனது.

“எழுதாதீங்க சார். இது உதாரணம் இல்ல, பதில். திங்கக்கிழமை நான் வரமாட்டேன்.”

பேனாவை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பதாயிரம் சொல்லுக்குப் பொருள் தெரிந்தவர் அவர். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். அவருக்குச் சொன்ன பிறகு வீட்டுக்காரருக்குச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. “நீ போயிட்டா இங்க யாரு பாத்துக்கறது?” என்றார். கூடத்தில் நண்பர்களிடம் அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். “மெஷின்னா நடுவுல கொஞ்சம் நிறுத்தி வெப்பாங்க, தெரியாதா?” என்றும் சேர்த்துக்கொண்டேன். மாமியார் சிரித்துவிட்டார். அவர் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா கதவைத் திறந்தாள். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முகத்தைப் பார்த்தாள்.

“என்னடி இப்படி இருக்கே?”

அலுப்பு, அசதி, களைப்பு, சோர்வு, சலிப்பு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. இரண்டு வாரம் ஊரெல்லாம் அலைந்து பொறுக்கிய சொற்கள்.

“டயர்டா இருக்குக்கா.”

அக்கா எதற்கும் விளக்கம் கேட்கவில்லை. உள்ளே போய்ப் போர்வையை உதறி விரித்தாள்.