டேப் அக்காவின் நூற்று நாற்பது வீடுகள்

சுகாதார ஆய்வு அலுவலகத்தில் அந்த ஆராய்ச்சியாளருக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். எந்த எண்ணையும் நான்கு தடவை சலிக்காமல் விடமாட்டாள். அப்படிப்பட்டவள் அந்த அட்டவணையை மட்டும் ஐந்தாவது தடவையும் சலித்தாள்.

நாடு முழுக்கப் பன்னிரண்டாயிரம் குடும்பங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைத் தேடிப் போய், அதே கேள்விகளைக் கேட்டு, எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், குழாயில் ஊதவைத்து மூச்சின் வேகம் எல்லாம் அளந்து வருவார்கள். பதினெட்டு வருடமாக நடக்கிற ஆய்வு. அதை வைத்துத்தான் சல்லடை ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தாள். அடுப்புப் புகையில் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் பெரியவர்களான பிறகு என்ன ஆகிறது? ஒரே நாளில் ஊரையே நிறுத்தி அளந்தாலும் இது தெரியாது. ஒரே பிள்ளையை ஐந்து வயதிலும் இருபத்துமூன்று வயதிலும் பார்த்திருக்க வேண்டும்.

மற்ற இடங்களில் பத்துக்கு மூன்று குடும்பங்கள் பாதியிலேயே கழன்றுகொண்டிருந்தன. ஒரே ஒரு களப்பணியாளரின் நூற்று நாற்பது வீடுகளில் மட்டும் இத்தனை வருடத்தில் விட்டுப்போனவை நான்கு.

"இது நம்புற மாதிரி இல்ல சார்" என்றாள் இயக்குநரிடம்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வீட்டுல உக்காந்தே எழுதித் தள்ளுறாங்களோ என்னவோ. ஒரு நாள் கூடவே போய்ப் பாத்துட்டு வாம்மா."

போனாள். களப்பணியாளருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கழுத்தில் அளவு நாடா, தோள்பையில் எடைக் கருவி. தெருவில் எல்லோருக்கும் அவள் டேப் அக்கா.

"வாங்கக்கா, என் தொப்பைய அளக்கவா? இருங்க, மூச்சப் பிடிச்சுக்கறேன்" என்றார் முதல் வீட்டுப் பூட்டு ரிப்பேர்க்காரர்.

"பிடிங்க. எவ்வளவு நேரம் பிடிக்கறீங்கன்னு நானும் பாக்கறேன்."

மனிதருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, தொப்பை பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது, அக்கா எழுதிக்கொண்டாள். ரத்த அழுத்தத்தை இடைவெளி விட்டு மூன்று தடவை எடுத்தாள். ஒரு தடவைகூடக் குறைக்கவில்லை.

அடுத்த குடும்பம் வீட்டைக் காலி செய்திருந்தது. அக்கா அசரவே இல்லை. பழைய நோட்டைப் புரட்டி, அந்த வீட்டம்மாவின் சித்திக்குப் போன் போட்டாள். "வீட்டு ஓனர்கிட்ட சொல்லாமப் போவாங்க மேடம். சித்திகிட்ட சொல்லாமப் போக மாட்டாங்க." பத்து நிமிடத்தில் புது முகவரி கையில் இருந்தது.

மூன்றாவது, மாடியில் குடியிருந்த தையல்காரப் பெண். ஐந்து வயதிலிருந்தே இந்த ஆய்வில் இருப்பவள். இடுப்பில் குழந்தையோடு கதவை முழுதாகத் திறக்காமலே பேசினாள்.

"இனிமே வேணாம்க்கா. சின்னப் புள்ளையில இருந்து ஊது ஊதுன்னு ஊதியாச்சு. என்ன கண்டுபிடிச்சீங்க? ஒரு வார்த்த வந்து சொன்னீங்களா?"

"சரிம்மா. வேணாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு" என்ற அக்கா, அவள் கண்ணெதிரிலேயே 'மறுத்துவிட்டார்' என்று எழுதினாள்.

படியிறங்கும்போது சல்லடைக்கு மனசே ஆறவில்லை. "இன்னும் கொஞ்சம் பேசியிருந்தா ஊதியிருப்பாளேக்கா?"

"ஊதியிருப்பா. அடுத்த தடவ கதவையே திறந்திருக்க மாட்டா." அக்கா நாடாவைச் சரிசெய்துகொண்டாள். "அவ கேட்டதும் நியாயந்தானே மேடம்? எங்களுக்கே யாரும் எதுவும் சொன்னதில்லையே."

சந்தேகப்பட்டுக் கூட வந்ததை நினைத்துச் சல்லடைக்கு முகம் சுருங்கியது. அங்கேயே சொல்லிவிட்டாள்.

"தெரியும்" என்று அக்கா சிரித்தாள். "சந்தேகப்படலன்னா நீங்க என்ன ஆராய்ச்சி பண்றீங்க?"

நாலு மாதத்தில் முடிவு வந்தது. ஐந்து வயதுக்குள் புகையில்லாத அடுப்புக்கு மாறிய வீட்டுப் பிள்ளைகள், வளர்ந்த பிறகு மற்றவர்களைவிட நன்றாக ஊதியிருந்தார்கள். எத்தனை விதமாகச் சலித்தும் அந்த முடிவு மாறவில்லை. அதிக வருடம் விடாமல் தொடர்ந்து கிடைத்த அளவுகள் அக்காவின் வீடுகளில்தான் இருந்தன.

ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கு முன்னால் சல்லடை குடும்பங்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். அக்கா அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கே தலையும் புரியல, வாலும் புரியல." மூன்று தடவை திருத்திய பிறகுதான் கடிதம் வீடுகளுக்குப் போனது; மறுத்தவர்களின் வீடுகளுக்கும்.

ஒரு வாரத்தில் தையல்காரப் பெண் அக்காவுக்குப் போன் செய்தாள். "கடிதாசி படிச்சேன்க்கா. எங்க வீட்டுல இன்னும் மண்ணெண்ண அடுப்புதான். பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. இப்ப மாத்தினா பிரயோஜனம் உண்டா?"

அக்கா தானாகப் பதில் சொல்லவில்லை. சல்லடையைக் கேட்டாள். "கண்டிப்பா உண்டு, சீக்கிரமா மாத்தச் சொல்லுங்க" என்றாள் சல்லடை.

இரண்டு வருடம் கழித்து அடுத்த சுற்று வந்தபோது சல்லடை அக்காவோடு மறுபடியும் போனாள். இந்தத் தடவை யாரும் அனுப்பவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனாள். மாடிக் கதவு அகலத் திறந்தது. தையல்காரப் பெண் குழாயை வாங்கி, மூன்று தடவை ஊதினாள். புதிதாகப் பட்டியலில் சேர்ந்த மகள்தான் உயரம் அளக்கச் சுவரோரம் நிற்க மறுத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஏய், அக்கா அளக்கணும், வாடி வெளியே!"

"விடும்மா, அதட்டாத" என்று டேப் அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவளுக்கே தோணட்டும். எனக்கென்ன அவசரம், நாளைக்கும் வருவேன்."

சல்லடையும் பையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.